சான்றிதழில் ஏறாத காரணம்: காலநிலை மாற்றம் நம் உடம்பையும் மருத்துவமனையையும் என்ன செய்கிறது?

வெப்ப அலையின் நான்காம் நாள். தனியாக வாழும் 78 வயதுப் பெரியவர் ஒருவர் வீட்டுக்குள் இறந்துகிடக்கிறார். ஏற்கெனவே இதய நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வந்தவர். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு இறப்புச் சான்றிதழில் 'மாரடைப்பு' என்று எழுதுகிறார். அதில் பொய் ஒன்றும் இல்லை, நின்றது இதயம்தான். ஆனால் மூன்று இரவுகளாகச் சூடு தணியாத அறையில், உடம்பைக் குளிரவைக்க அந்த இதயம் ஓய்வே இல்லாமல் அடித்துக்கொண்டிருந்தது எந்தக் காகிதத்திலும் ஏறாது.

இந்தப் பெரியவர் என் கற்பனை. ஆனால் இவரைப் போல ஆயிரக்கணக்கானவர்கள் நிஜமாகவே போயிருக்கிறார்கள். 2003 ஆகஸ்டில் ஐரோப்பாவை ஒரு வெப்ப அலை தாக்கியது. பிரான்ஸில் மட்டும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், அதிலும் தனியாக இருந்தவர்கள் நிறைய. பிணவறைகளில் இடமில்லாமல், பாரிஸுக்கு வெளியே ஒரு குளிர்பதனக் கிடங்கில் உடல்களை வைக்க வேண்டியிருந்தது. அந்தக் கோடை முழுவதும் ஐரோப்பா நெடுக இறந்தவர்கள் 70,000-க்கும் மேல் என்று பின்னால் கணக்கிட்டார்கள்.

சான்றிதழில் வெயில் என்று எழுதவே இல்லை என்றால் இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது? நல்ல கேள்வி. பதில் எளிது. ஒரு ஊரில் வழக்கமாக ஆகஸ்ட் மாதத்தில் எத்தனை பேர் இறப்பார்கள் என்பது பல வருடப் பதிவுகளிலிருந்து தெரியும். இந்த ஆகஸ்டில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். முதலாவதை இரண்டாவதிலிருந்து கழித்தால் மிச்சம் வருவதுதான் 'கூடுதல் இறப்பு'. அந்த மாதம் கொள்ளைநோய், போர் என்று வேறு எதுவும் நடக்கவில்லை என்றால், அந்த மிச்சத்தைப் பெரும்பாலும் வெயிலின் கணக்கில் எழுதலாம். இன்னார் வெயிலால் இறந்தார் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது, ஆனால் இத்தனை பேர் என்று சொல்ல முடியும்.

காலநிலை மாற்றத்தையும் உடல்நலத்தையும் பற்றிப் புரிந்துகொள்ள இந்த ஒரு கழித்தல் கணக்குதான் வாசல் என்று நினைக்கிறேன். ஏனென்றால், காலநிலை மாற்றம் புது நோய் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு வருவது அபூர்வம். ஏற்கெனவே இருக்கிற மாரடைப்பு, ஆஸ்துமா, வயிற்றுப்போக்கு, டெங்கு, சிறுநீரகக் கோளாறு இவற்றின் முதுகில் கை வைத்துத் தள்ளுகிறது. எங்கே தாங்கும் சக்தி குறைவோ அங்கே முதலில் விழுகிறது. இது மனித உடம்புக்கும் பொருந்தும், மருத்துவமனைக் கட்டடத்துக்கும் பொருந்தும்.

ஒன்றரை டிகிரிக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சம் மூலக்கூறுகளுக்கு சுமார் 280 கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் இருந்தன. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோல், எரிவாயு என்று எரித்துத் தள்ளியதே முக்கியக் காரணம். இந்த வாயு பூமியிலிருந்து கிளம்பும் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கிறது. 2024-ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பநிலை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் சுமார் 1.5 டிகிரி செல்சியஸ் அதிகம்.

காலைக்கும் மதியத்துக்கும் இடையிலேயே பத்து டிகிரி ஏறுகிறது, ஒன்றரை டிகிரிக்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று பலர் கேட்பார்கள். சராசரி கொஞ்சம் நகர்ந்தால் ஓரங்கள் நிறைய நகரும் என்பதுதான் விஷயம். முன்பு பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த மாதிரியான கடும் வெப்பம், ஒன்றரை டிகிரி சூடேறிய உலகில் அதே பத்து வருடத்தில் நான்கு முறை வரும் என்று ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. கணக்கிட்டிருக்கிறது. இரண்டு டிகிரி ஏறினால் ஐந்தரை முறைக்கும் மேல். சராசரி வெப்பநிலை யாரையும் கொல்வதில்லை. அந்த ஓரத்து நாட்கள்தான் கொல்கின்றன.

குளிர் குறைந்தால் குளிரில் இறப்பவர்களும் குறைவார்களே என்று கேட்டால், ஆமாம், குளிர்நாடுகளில் அது ஓரளவுக்கு உண்மை. அந்த லாபத்தை ஆய்வாளர்கள் கணக்கில் சேர்க்காமல் இல்லை. ஆனால் சூடு ஏற ஏற வெப்பத்தின் பக்கம் தராசு சாய்ந்துகொண்டே போகிறது. அதோடு லாபம் ஒரு ஊருக்கு, நஷ்டம் வேறு ஊருக்கு என்றால் அதைக் கூட்டிக் கழித்து ஆறுதல் அடைய முடியாது.

வெயில் உடம்புக்குள் செய்யும் வேலை

நம் உடம்பின் உள்வெப்பநிலை 37 டிகிரியை ஒட்டியே இருக்க வேண்டும். வெளியே சூடு ஏறினால் உடம்பு இரண்டு காரியம் செய்கிறது. முதலாவது, தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்பி, உள்ளே இருக்கிற வெப்பத்தை வெளியே கொண்டுவருகிறது. இரண்டாவது, வியர்க்க வைக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். இயற்கை கொடுத்த குளிர்சாதனம், அதுவும் மிக நல்ல குளிர்சாதனம்.

ஆனால் இரண்டுக்கும் விலை உண்டு. தோலுக்கு ரத்தம் அனுப்ப இதயம் கூடுதலாக அடிக்க வேண்டும். வியர்வை போகப் போக ரத்தத்தின் நீர் குறையும், அப்போது அதே வேலைக்கு இதயம் இன்னும் வேகமாக அடிக்க வேண்டும். குடல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளுக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடுகிறது. இருபது வயதுப் பையனுக்கு இது களைப்பு. இதயத்தில் அடைப்பு உள்ளவருக்கு இது உயிர்ப் பிரச்சினை.

வியர்வை குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான், வழிந்து கீழே சொட்டினால் பயனில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாவது மட்டுப்படுகிறது. அதனால்தான் வெறும் வெப்பநிலையைப் பார்த்து ஆபத்தைச் சொல்ல முடியாது. வெப்பமானியின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றாட வைத்தால் அது காட்டும் அளவை 'ஈரக்குமிழ் வெப்பநிலை' என்பார்கள். வியர்த்த உடம்பு அதிகபட்சம் எவ்வளவு குளிர முடியும் என்பதை அது காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த அளவு 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமானவர்கூடச் சில மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்று 2010-இல் ஒரு கணக்குச் சொன்னது. அது ஏட்டுக் கணக்கு. பிறகு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை ஓர் அறையில் வைத்துச் சோதித்துப் பார்த்தபோது, நல்ல ஈரப்பதத்தில் இந்த ஈரக்குமிழ் அளவு 31 டிகிரி வாக்கில் இருக்கும்போதே உடம்பின் சமநிலை கைநழுவ ஆரம்பித்தது. சோதனைக்கு வந்தவர்கள் எல்லாம் இளைஞர்கள் என்பதை மறக்க வேண்டாம். முதியவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பகல் முழுக்க அடி வாங்கிய உடம்பு ராத்திரியில்தான் ஆறுகிறது. இரவும் சூடாகவே இருந்தால் மறுநாள் கடனோடு தொடங்குகிறது. அடுத்த நாள் கடன் இன்னும் கூடுகிறது. வெப்ப அலையின் முதல் நாளை விட மூன்றாம், நான்காம் நாட்கள் மோசமாக இருப்பதற்கு இது ஒரு காரணம். நகரத்துக் கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகலில் குடித்த வெப்பத்தை இரவெல்லாம் கக்குவதால் ஊருக்கு வெளியே இருப்பதை விட நடு நகரத்தில் இரவு சூடு அதிகம். செய்தியில் எல்லாரும் அன்றைய உச்ச வெப்பநிலையையே சொல்கிறார்கள். என்னைக் கேட்டால், இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையைத்தான் கொட்டை எழுத்தில் போட வேண்டும்.

உள்வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டி, பேச்சு குழறி, நினைவு தடுமாற ஆரம்பித்தால் அது வெப்பவாதம், அதாவது ஹீட் ஸ்ட்ரோக். உடனே பாராசிட்டமால் கொடுத்துவிடத் தோன்றும். அது வேலை செய்யாது. காய்ச்சலில், மூளையே 'இன்று 39 டிகிரி வேண்டும்' என்று அளவை ஏற்றிவைக்கிறது. பாராசிட்டமால் அந்த அளவை இறக்குகிறது. வெப்பவாதத்தில் மூளை வைத்த அளவு சரியாகவே இருக்கிறது, உடம்பால்தான் அதை எட்ட முடியவில்லை. அடுப்பு எரியும்போது கடிகாரத்தைத் திருத்தி என்ன பயன்? செய்ய வேண்டியது வெளியிலிருந்து குளிர்விப்பது. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். வாய்ப்பிருந்தால் குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்துவரை அமிழ்த்தி, தலையை மேலே பிடித்துக்கொள்வது இன்னும் நல்லது. நினைவில்லாதவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இன்னொன்று. நாம் தினம் போடும் சில மாத்திரைகள் வெயிலில் குணம் மாறி வேலை செய்யும். நீர் பிரிய வைக்கும் மாத்திரை உடம்பின் நீரைக் குறைக்கிறது. சில மனநல மருந்துகளும் ஒவ்வாமை மருந்துகளும் வியர்வையையே குறைத்துவிடும். இதற்காக யாரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம், அது இன்னும் பெரிய ஆபத்து. கோடை வருவதற்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் போதும்.

வெயில் ஒரே அடியாக விழுவதோடு நிற்பதில்லை, அரித்தும் தின்கிறது. மத்திய அமெரிக்காவில், எல் சால்வடோர், நிகரகுவா போன்ற நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இல்லாத இளம் தொழிலாளிகளின் சிறுநீரகம் கெட்டுப்போவதைப் பல வருடங்களாகப் பார்க்கிறார்கள். கொளுத்தும் வெயிலில் நாள் தவறாமல் உடம்பு வறண்டு, திரும்பத் திரும்பக் காயம்படுவது அதில் முக்கியப் பங்கு வகிப்பதாகச் சான்றுகள் உள்ளன. தண்ணீர், நிழல், இடைவேளை மூன்றையும் ஒழுங்காகக் கொடுத்த இடத்தில் சிறுநீரகப் பாதிப்பு குறைந்ததும் பதிவாகியிருக்கிறது.

கொசுவின் கணக்கு

வெப்பநிலை ஏறினால் கொசு அதிகமாகும், நோய் அதிகமாகும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே இருக்கிற கணக்கு அதை விடச் சுவையானது.

டெங்கு நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு உடனே அடுத்தவருக்கு நோயைக் கொடுத்துவிட முடியாது. குடித்த ரத்தத்திலிருந்த வைரஸ் அதன் வயிற்றில் பெருகி, அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். அதுவரைக்கும் அந்தக் கொசு ஆபத்தில்லாதது. 25 டிகிரி வெப்பநிலையில் இதற்குச் சராசரியாகச் சுமார் 15 நாள் ஆகும். 30 டிகிரியில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடிந்துவிடும். கொசுவின் ஆயுளே சில வாரங்கள்தான் என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். 15 நாள் ஆகுமென்றால் நிறையக் கொசுக்கள் வைரஸ் தயாராவதற்குள் செத்துப்போகும். ஒரு வாரம் போதுமென்றால் அவற்றில் பல உயிரோடு இருக்கும், மிச்ச நாள் முழுக்கக் கடித்துக்கொண்டும் இருக்கும். ஐந்து டிகிரி வித்தியாசம், ஆனால் நோய் பரப்பும் கொசுக்களின் எண்ணிக்கை எங்கேயோ போய்விடுகிறது.

அதற்காகச் சூடு ஏற ஏற எல்லா நோயும் ஏறும் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மலேரியா பரவலுக்கு மிக வசதியான வெப்பநிலை 25 டிகிரி வாக்கில் இருக்கிறது. அதற்கு மேல் சூடேறினால் கொசுவே சீக்கிரம் சாகும், பரவல் குறையும். ஆகவே ஏற்கெனவே மிகச் சூடான சில இடங்களில் மலேரியா குறையலாம், இதுவரை குளிர் காப்பாற்றிவந்த மலைப்பகுதிகளில் புதிதாகத் தலைகாட்டலாம். அந்த மலைவாசிகளுக்கு மலேரியாவோடு பழகிய எதிர்ப்புச் சக்தியும் இருக்காது, அங்குள்ள மருத்துவர்களுக்குப் பார்த்த பழக்கமும் இருக்காது. நோயின் மொத்த எண்ணிக்கையைப் போலவே அதன் இடம் மாறுவதும் பெரிய சங்கடம்தான்.

இத்தாலியில் 2007-இல் இது கண்கூடாக நடந்தது. ரவென்னா அருகே ஒரு கிராமத்தில் திடீரென்று ஆட்களுக்கு மூட்டு முறுக்கும் காய்ச்சல். வெப்பமண்டல நோய் என்று நினைத்திருந்த சிக்குன்குனியா அது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் உடம்பில் வைரஸ் வந்தது, ஆசியப் புலிக்கொசு ஏற்கெனவே அங்கே குடியேறியிருந்தது, கோடையின் சூடு மிச்ச வேலையை முடித்தது. இருநூறுக்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. பயணம், வணிகம், குப்பையில் தேங்கும் நீர் எல்லாம் சேர்ந்துதான் இப்படிப்பட்ட பரவலை உண்டாக்குகின்றன. காலநிலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. ஆனால் கதவைத் திறந்துவைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. 2024-இல் உலகம் முழுவதும் பதிவான டெங்கு நோயாளிகள் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். அதுவரை எந்த வருடமும் அத்தனை பதிவானதில்லை.

தண்ணீர், காற்று, உணவு

வெள்ளம் வந்தால் கழிவுநீரும் குடிநீரும் கலக்கும், வயிற்றுப்போக்கும் காலராவும் வரும். வறட்சி வந்தாலும் இதே கதிதான். கிடைக்கிற ஒரே குட்டையில் எல்லாரும் மொண்டு குடித்தால் வேறென்ன ஆகும்? கடல் மட்டம் ஏறும் கரையோரங்களில் நிலத்தடி நீர் உப்பாகிறது. பங்களாதேஷின் கடலோரத்தில், குடிநீரில் உப்பு கூடிய பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு ரத்தக் கொதிப்பு அதிகம் வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

காட்டுத்தீயின் புகையில் இருக்கும் நுண்துகள்கள் நுரையீரலோடு நிற்காமல் ரத்தத்துக்குள் இறங்கி இதயத்தையும் தொடுகின்றன. 2023 ஜூனில் கனடாவில் காடு எரிந்தபோது, பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நியூயார்க்கின் வானம் ஆரஞ்சு நிறமானது.

காற்றில் விசித்திரமானது மெல்பர்னில் நடந்ததுதான். 2016 நவம்பர் 21 மாலை அங்கே ஓர் இடிமழை. புல்லின் மகரந்தத் துகள்கள் ஈரத்தில் ஊறி வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகக்கூடிய பொடியாகி, காற்றோடு நகரத்துக்குள் இறங்கின. சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் மூச்சு முட்டி மருத்துவமனைகளில் குவிந்தார்கள். பலருக்கு அதற்கு முன் ஆஸ்துமா என்று சொல்லப்பட்டதே இல்லை. 10 பேர் இறந்தார்கள். அன்று ஒரே நேரத்தில் வந்து குவிந்த அழைப்புகளுக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் போதவில்லை. இடிமழையையும் நோயாளிகளின் வரிசையையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாருக்குத் தோன்றியிருக்கும்?

உணவில் விளைச்சல் குறைவது எல்லாரும் அறிந்தது. அறியாதது, காற்றில் கார்பன் டை ஆக்சைடு கூடினால் கோதுமை, அரிசி போன்ற தானியங்களில் துத்தநாகம், இரும்பு, புரதம் ஆகியவை குறைகின்றன என்பது. தட்டு நிறைந்துதான் இருக்கும், சத்து குறைந்திருக்கும். வெள்ளத்தில் வீடு போனவரின் தூக்கமின்மையும் பயமும் மனச்சோர்வும் தண்ணீர் வடிந்த பிறகும் மாதக்கணக்கில் நீடிப்பது இன்னொரு பக்கம். அதைக் கழித்தல் கணக்கால்கூடப் பிடிக்க முடியாது.

மருத்துவமனையும் ஓர் உடம்புதான்

இதுவரை சொன்னதெல்லாம் நோயாளிகளைப் பற்றி. அவர்களைக் காப்பாற்ற வேண்டிய இடம் அதே புயலில், அதே வெயிலில் நிற்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கிய இரவு, கிழக்கு ஆற்றங்கரையை ஒட்டிய பெல்வியூ மருத்துவமனையின் அடித்தளத்தில் தண்ணீர் புகுந்தது. ஜெனரேட்டர் 13-ஆம் மாடியில் பத்திரமாக இருந்தது. வெள்ளம் வரும் என்று யோசித்துத்தான் மேலே வைத்திருந்தார்கள். ஆனால் அதற்கு டீசல் ஏற்றும் பம்ப் அடித்தளத்தில் இருந்தது. பம்ப் மூழ்கியது. ஊழியர்களும் வீரர்களும் இருட்டு மாடிப்படிகளில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி 13 மாடிக்கு டீசல் ஏற்றினார்கள்.

அதே இரவு, பக்கத்திலேயே உள்ள என்.ஒய்.யூ. லாங்கோன் மருத்துவமனையிலும் மின்சாரம் போய், மாற்று மின்சாரமும் போனது. சுமார் 300 நோயாளிகளை வெளியேற்ற வேண்டிய நிலை. லிஃப்ட் கிடையாது. 9-ஆம் மாடியில் பிறந்த குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 20 குழந்தைகள். நர்ஸுகள் குழந்தைகளை மார்போடு அணைத்துக்கொண்டு டார்ச் வெளிச்சத்தில் படியிறங்கினார்கள். தானாக மூச்சுவிட முடியாத குழந்தைகளுக்குப் படி இறங்கும் வழியெல்லாம் பையைக் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். எல்லாக் குழந்தைகளும் பிழைத்தன. பெரிய நகரத்தின் பெரிய மருத்துவமனைக்கே இந்தக் கதி.

கட்டடம் நின்றாலும் உள்ளே ஓடுபவை நிற்கலாம். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதன்முறையாக வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டியபோது, லண்டனின் பெரிய மருத்துவமனைக் குழுமம் ஒன்றின் கணினி மையங்களில் குளிர்விப்பு செயலிழந்தது. சர்வர்கள் படுத்துவிட்டன. நோயாளியின் பழைய பரிசோதனை முடிவைத் திரையில் பார்க்க முடியாமல் மருத்துவர்கள் காகிதத்துக்குத் திரும்பினார்கள்.

அப்புறம், மருந்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு தொழிற்சாலையை வெள்ளத்தில் மூழ்கடித்தது. நாட்டில் டிரிப்ஸ் ஏற்றும் திரவத்தில் சுமார் 60 சதவீதம் அந்த ஒரே ஆலையில் தயாராகிக்கொண்டிருந்தது. புயல் எட்டிப் பார்க்காத ஊர்களிலும் அவசரமில்லாத அறுவைசிகிச்சைகளைத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. உப்புத் தண்ணீர்ப் பை. அதை விடச் சாதாரணமான பொருள் மருத்துவமனையில் கிடையாது.

டயாலிசிஸ் எடுப்பவரை நினைத்துப் பாருங்கள். ஒரு தடவைக்குச் சுமார் 120 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர் வேண்டும், நான்கு மணி நேரத் தடையில்லா மின்சாரம் வேண்டும், வாரத்துக்கு மூன்று முறை வேண்டும். இன்சுலினையும் தடுப்பூசியையும் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். வீட்டில் ஆக்சிஜன் இயந்திரத்தோடு வாழ்பவருக்கு மின்வெட்டு என்றால் மூச்சு வெட்டு. 2017-இல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவின் மின்சாரத்தை மாதக்கணக்கில் அறுத்தபோது இதுதான் நடந்தது. புயலில் இறந்தவர்கள் 64 பேர் என்று அரசு முதலில் சொன்னது. அடுத்த ஆண்டு, தொடக்கத்தில் சொன்ன அதே கூடுதல் இறப்பு முறையில் கணக்கிட்டுப் பார்த்தபோது வந்த எண் 2,975. சுவர் இடிந்தும் வெள்ளத்தில் போயும் இறந்தவர்கள் முதல் பட்டியலில் இருந்தார்கள். சிகிச்சை எட்டாமல் இறந்தவர்கள் கழித்தல் கணக்கில்தான் அகப்பட்டார்கள்.

வசதி குறைந்த நாடுகளில் இதையே பெருக்கிக்கொள்ளலாம். 2022-இல் பாகிஸ்தான் வெள்ளம் 3 கோடியே 30 லட்சம் மக்களைப் பாதித்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுகாதார மையங்கள் சேதமடைந்தன. தேங்கிய நீரில் கொசு பெருகி, அந்த ஆண்டில் மலேரியா நோயாளிகள் முந்தைய ஆண்டைப் போல ஐந்து மடங்கானார்கள். நோய் ஏறும் அதே மாதத்தில் நோய் பார்க்கும் இடம் மூழ்கிக்கிடக்கிறது. காலநிலை மாற்றத்தைப் பற்றி என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இந்த இரட்டை அடிதான்.

மருத்துவமனை முழுக்க அப்பாவியும் இல்லை. உலகின் பசுமைக்குடில் வாயுக்களில் 4 முதல் 5 சதவீதம் மருத்துவத் துறையின் பங்கு. மின்சாரம், மருந்துத் தயாரிப்பு, போக்குவரத்து, தூக்கியெறியும் பிளாஸ்டிக் என்று எல்லாம் அதில் சேரும். அறுவைசிகிச்சை அரங்கில் மயக்கத்துக்குப் பயன்படும் டெஸ்ஃப்ளூரேன் என்ற வாயு, எடைக்கு எடை, கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 2,500 மடங்கு சூடேற்றும். நோயாளி மூச்சில் விட்டது குழாய் வழியாக அப்படியே வெளிக்காற்றுக்குப் போகிறது. அதே வேலையைச் செய்யும், சூடு மிகக் குறைந்த மாற்று மருந்துகள் இருப்பதால் 2023-இல் ஸ்காட்லாந்தின் பொது மருத்துவமனைகள் இதைக் கைவிட்டன, இங்கிலாந்து அடுத்த வருடம். நோயாளிக்கு நஷ்டமில்லாமல் செய்யக்கூடிய காரியம் இது. ஆஸ்துமாக்காரரின் இன்ஹேலரில் அப்படி அவசரப்பட முடியாது. சில இன்ஹேலர்களில் மருந்தைத் தள்ளும் வாயுவும் சூடேற்றக்கூடியதுதான், ஆனால் பொடி இன்ஹேலரை எல்லாராலும் இழுக்க முடியாது. மூச்சுக்குப் பிறகுதான் மற்றது.

முன்கூட்டியே நகர்வது

நடப்பதைத் தடுக்கவே முடியாது என்பதில்லை. 1970-இல் போலா புயல் இன்றைய பங்களாதேஷில் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொன்றது. 2007-இல் அதே கரையைத் தாக்கிய சிதர் புயலும் மிகக் கடுமையானதுதான், இறந்தவர்கள் சில ஆயிரம். நடுவில் நடந்தது எச்சரிக்கை அமைப்பு, புயல் பாதுகாப்புக் கட்டடங்கள், ஒலிபெருக்கியோடு சைக்கிளில் கிளம்பிப்போன தன்னார்வலர்கள்.

வெயிலுக்கும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. 2010 மே மாதம் இந்தியாவின் அகமதாபாத்தில் வெப்பம் 46.8 டிகிரிவரை போனது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தை விட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். 2013-இல் அந்த நகரம் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய இயந்திரம் எதுவும் அதில் இல்லை. எந்த நாள் எவ்வளவு ஆபத்து என்று நிறத்தால் சொல்லும் முன்னறிவிப்பு, வெப்பவாதத்தை அடையாளம் காண மருத்துவர்களுக்கும் சுகாதாரப் பணியாளர்களுக்கும் பயிற்சி, குடிநீர், வெயில் ஒதுங்க இடம். இந்த ஏற்பாட்டால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்று பின்னால் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணும் கழித்தல் கணக்கில் வந்ததுதான். இந்தத் தடவை மிச்சமாக வந்தது பிழைத்தவர்கள். அவர்கள் யார் என்றும் யாருக்கும் தெரியாது.

2010-இன் அந்த வெப்ப அலையில் அங்கே ஒரு மருத்துவமனையில், வெப்பத்தால் சுருண்ட பச்சைக் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். பிரசவ வார்டு மேல்மாடியில், மொட்டைமாடிக்கு நேர் கீழே இருந்தது. சூரியன் பகலெல்லாம் காய்ச்சிய கூரைக்கு அடியில் பிறந்து சில நாளே ஆன குழந்தைகள். வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு வந்த கோடைகளில் வெப்பத்தால் அந்தப் பிரிவில் சேர்க்கப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது.